விளிம்புவரை தண்ணீர்

குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஆலோசகர் அனுப்பிய அறிக்கையில் பவளக்கொடியின் பெயருக்கு எதிரே ஒரே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது: அன்ஸ்டேபிள். மகள் யாரிடம் வளர்வது என்பது அன்று முடிவாக வேண்டும். "அப்படின்னா என்ன சார்?" என்று தன் வக்கீல் இன்னாசியிடம் கேட்டாள். "வருஷத்துல மூணு வேலை மாறினீங்கல்ல, அதைச் சொல்றாங்க போல." எழுத்தர், "நிலையா நிக்காதவங்கன்னு அர்த்தம். அடிக்கடி வீடு மாத்தினா அப்படித்தாம்மா எழுதுவாங்க" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தபடி தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். "யாராவது ஒருத்தர் தெளிவாச் சொல்லுங்களேன்" என்றாள். எழுதிய ஆலோசகரோ விடுப்பில் இருந்தார்.

வழக்கு அழைக்கப்பட்டபோது அவள் வராந்தாவில் இருந்த கேனிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, அதைக் கையில் நீட்டிப் பிடித்தபடி உள்ளே வந்து நின்றாள்.

"தாகம்னா வெளியிலேயே குடிச்சிட்டு வரக் கூடாதாம்மா?" என்றார் நீதிபதி.

"குடிக்க இல்லீங்கய்யா. என் கையைப் பாருங்க."

"கீழ வைங்கம்மா, இதையும் எழுதிடுவாங்க" என்று முணுமுணுத்தார் இன்னாசி. அவள் வைக்கவில்லை. கால் மணி நேரம் வாதம் நடந்தது. மின்விசிறிக் காற்றில் தண்ணீரின் மேல்பரப்பு சிலிர்த்ததே தவிர, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அப்போது நான்கு வயது இதழினி அப்பாவின் பிடியை உதறிவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, தூக்கு" என்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.