கொட்டின சோறு

"அத்தனை சோத்தையும் எதுக்குக்கா கொட்டுனீங்க? வாயைத் தொறந்து சொல்லுங்க."

பெனிஸ் போட்ட சத்தத்தில், கீழ் கோத்தகிரி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த பெற்றோர் எல்லாரும் சத்துணவு சமைக்கிற இசக்கியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முந்தின நாள் மத்தியானம், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, சோற்றையும் சாம்பாரையும் அண்டாவோடு குழியில் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைகளுக்குக் கடைப் பன்தான் கிடைத்தது.

"பல்லி கில்லி விழுந்துச்சா?"

"ஆமாங்க. மூடாம வெச்சது என் தப்புதானுங்க."

"கேட்டீங்களா சார்? சுத்தம்னா என்னன்னே தெரியாதவங்க. எம்புள்ள கெஸியா பசியில அழுதுட்டே ஊட்டுக்கு வந்தா. இவங்க கையில எப்படிப் புள்ளைங்கள விடறது?"

"இத்தனை வருசத்துல ஒரு புள்ளைக்கு வயித்து வலின்னு வந்ததில்லையேப்பா" என்று தலைமையாசிரியர் ராஜசேகர் இழுத்துப் பார்த்தார். பெனிஸ் விடுவானா? எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மேலே புகார் அனுப்பினான். பாவம், அந்த வாரமே இசக்கியம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை. தேயிலைக்கு மருந்தடிக்கக் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு போன பெனிஸை இசக்கியம்மா வழியில் நிறுத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு மஞ்சள் மூடியை அவன் கையில் வைத்தாள்.

அவனுடைய கேன் மூடி. தொலைந்துபோனதிலிருந்து கேன் வாயைத் துணியால் கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"இது எங்கக்கா கெடச்சுது?"

"ஓடையில, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி வர்ற குழாய் வாயில. அன்னைக்கு சாம்பாரை ருசி பாத்தேன், மருந்து வாடை அடிச்சுது. கொட்டிட்டு மேல போய்ப் பாத்தா இது கெடந்துச்சு. தொட்டித் தண்ணியையும் தொறந்து விட்டுட்டுக் கழுவிட்டேன் தம்பி."

ஓடையில் கேன் கழுவக்கூடாது என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா உங்க வேலை போயிருமுங்க. எஸ்டேட்டுல குடுத்த லைன் ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. எனக்கென்ன, ஒத்தை வயிறு."

பெனிஸ் முதுகிலிருந்த கேனை இறக்கிக் கீழே வைத்தான்.

இரண்டடி நடந்தவள் திரும்பி நின்றாள்.

"இனிமே ஓடையில மட்டும் கழுவிராதீங்க தம்பி. அன்னைக்கு வரிசையில மொத ஆளாத் தட்டை நீட்டிட்டு நின்னது நம்ம கெஸியாதான்."