நல்ல ரோட்டுக்கு நாலு வெடிப்பு

"இந்த ரோடு நல்லாருக்கு. இதைக் கொஞ்சம் கெடுத்துக் குடுக்கணும் அப்பு."

செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு கருத்தம்மாள் இப்படிக் கேட்டதும், பாண்டியராஜ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறவன் அவன். அந்த நேரம் ஒரு கட்சிக்காரருக்குப் பின்னால் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தான். நிஜத்தில் அந்த ஆளுக்குப் பின்னால் நின்றது ஒரு டிரான்ஸ்பார்மரும் இரண்டு ஆடுகளும்தான். பாண்டியராஜ் கைபட்டதும் ஆடுகள் போய் ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். அதற்கு முன்னால், ராசிங்காபுரத்துக் கல்யாணப் பெண் ஒருத்தியைப் பெற்ற தாயே யாரென்று கேட்கும் அளவுக்கு வெளுத்து வைத்திருந்தான்.

அப்பேர்ப்பட்டவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

படத்தைப் பார்த்தான். சிலமலைக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போகும் தார் ரோடு. போட்டு அதிக நாள் ஆகியிருக்காது. கன்னங்கரேலென்று, சோற்றைக் கொட்டிப் பிசைந்து தின்னலாம் போல இருந்தது.

கருத்தம்மாள் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு தினமும் போடிக்கு வந்து போகிறவள். அவள் வந்த பிறகு கடையே பாயசம் போல மணத்தது. இந்த ரோட்டில் வெடிப்பு விழ வேண்டும், ஓரம் உடைந்திருக்க வேண்டும், நடுவில் பெரிய பள்ளம் வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னாள்.

பாண்டியராஜுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. கான்ட்ராக்ட் கிடைக்காத எவனோ இந்தம்மாவை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறான். சாயங்காலத்துக்குள் படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிடும்.

கூட்டத்திலிருந்த ஆயிரம் பேரையும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவளுக்குப் புத்தி சொன்னான். ஊருக்கு ஒரு நல்லது நடப்பதே அபூர்வம், அதையும் இப்படிக் கெடுத்தால் அடுத்த தடவை எவன் ஒழுங்காக ரோடு போடுவான், இல்லாததை இருப்பதாகக் காட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்றெல்லாம் நீளமாகப் பேசினான்.

கருத்தம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வெரசா முடிஞ்சிருமா அப்பு? எனக்கு பஸ்சு போயிரும்."

பாவம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். மௌஸைப் பிடித்தான். போன கோடையில் காய்ந்து கிடந்த கண்மாயைப் படம் எடுத்து வைத்திருந்தான். அதன் வெடிப்புகளைத் தார் மேல் பரப்பிப் பார்த்தான். ரோட்டுக்கு உடும்புத்தோல் போர்த்தியது மாதிரி இருந்தது. அடர்த்தியைக் குறைத்தான். அங்கங்கே அழித்தான். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பக்கம் மெல்லிய நிழல், மறுபக்கம் மெல்லிய வெளிச்சம் கொடுத்ததும் கோடுகளுக்கு ஆழம் வந்துவிட்டது. ஓரத்தை உடைத்து ஜல்லியை இறைத்தான். நடுப்பள்ளத்தில் செந்தண்ணீரைத் தேக்கி, அதற்குள் கொஞ்சம் வானத்தையும் வைத்தான். கான்ட்ராக்டர்களால்கூட ஒரு மழைக்காலம் முழுக்க உழைத்துத்தான் செய்ய முடிகிற வேலை அது.

"போதுமா ஆத்தா?"

அவள் குனிந்து பார்த்தாள். "இதுல ஜீப்பு போகுமா?"

"ஜீப்பு போகும்."

"காரு?"

"ஓரமா ஒடிச்சுப் போயிரலாம்."

"போகக் கூடாது அப்பு. பாத்தாலே காரு வராதுன்னு தெரியணும்."

விவரமான பொம்பளைதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே பள்ளத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டான். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தபோது, எந்தப் பேப்பருக்குக் கொடுக்கப் போகிறாள், கான்ட்ராக்டர் மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்டான்.

கருத்தம்மாள் அவனை விளங்காமல் பார்த்தாள்.

"பேப்பருக்கா? இது எங்க வீட்டுக்காரருக்கு அப்பு."

அவள் புருஷன் ராமர், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய், சில வருசமாக உள்ரூம் கட்டிலோடு கிடக்கிறார். ஒரே மகன் யோகராஜ் கோயம்புத்தூரில் இருக்கிறான், கார் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும், ரோடு சரியில்லை, கார் அடி தட்டும், ரோடு போட்ட மறுநாளே வருகிறேன் என்பான். வண்டி ஓட்டியவர் இல்லையா, ராமருக்கு அது நியாயமாகவே பட்டது. மகன்மேல் ஒரு குறை சொன்னதில்லை.

போன மாதம் ரோடு ரோலர் சத்தம் அவர் கட்டில் வரைக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து தினமும் முகம் வழிக்கச் சொல்கிறார். வெளுத்த சட்டையைப் போட்டுவிடச் சொல்கிறார். வாசலில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும், யாரென்று பார் என்கிறார்.

"பையன்கிட்டச் சொன்னீங்களா?"

"அன்னைக்கே போன் போட்டேன். ரோடு போட்டாச்சுய்யான்னேன். ரொம்ப சந்தோசம்மான்னு வச்சுட்டான்."

கருத்தம்மாள் படத்தைச் சுருட்டி, மடங்காமல் கூடைக்குள் நிறுத்தி வைத்தாள்.

"போன மாசம் போட்ட ரோடு," என்று இழுத்தான் அவன். "அதுக்குள்ள இப்படி ஆயிருச்சுன்னா நம்புவாரா?"

"போட்ட மாசமே ரோடு வெடிச்சுப் போச்சுன்னா யாரும் நம்பிருவாக அப்பு. புள்ள சொன்னதுதான் பொய்யின்னா, அவரு தாங்க மாட்டாரு."