அழிக்கும் பொத்தான்

சுடர்க்கொடியின் பையில் பழைய பிலிம் கேமராவும் புதிய டிஜிட்டல் கேமராவும் அருகருகே கிடந்தன.

"என்கூட இருந்தப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு படம் எடுப்பா. இப்போ நூறு எடுக்கிறா, நூறையும் அழிக்கிறா. உங்களாலதான் அவளுக்குக் கவனமே போச்சு" என்று பொருமியது பிலிம் கேமரா.

டிஜிட்டல் கேமராவின் அழிக்கும் பொத்தான் மட்டும் பதில் சொன்னது. "அழிக்கிறதுக்கு முன்னால ஒவ்வொண்ணையும் எங்கே தப்புன்னு உத்துப் பார்க்கிறாளே, அதைக் கவனிச்சியா?"

மறுநாள் குளக்கரையில் ஒரு மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்தது. சுடர்க்கொடி ஒரே தடவைதான் கிளிக் செய்தாள். அலகு, மீன், தெறித்த துளி எல்லாம் திரையில் துல்லியமாக நின்றன. பழக்கத்தில் பொத்தான் மேல் வந்த விரல் அப்படியே விலகிப் போனது.

"இன்னிக்கு உனக்கு வேலையே இல்லாமப் போச்சே" என்றது பையிலிருந்து எட்டிப் பார்த்த பிலிம் கேமரா.

"இந்த ஒண்ணுக்காகத்தானே அத்தனையையும் அழிச்சேன்" என்றது பொத்தான்.