சத்தம் போடாத கணினி

சொந்த நாட்டிலேயே செய்த அதிவேகக் கணினிக்கு இன்று திறப்பு விழா. ஆளுயரக் கருப்புப் பெட்டிகளின் முன்னால் புதுக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். அதன் பசை நாற்றம் கணினியை இயக்கும் பெண் பொறியாளரின் மூக்கில் ஏறுகிறது. பெட்டிகளின் விசிறிகள் காது கிழிய இரைகின்றன. கடலில் திரளும் புயல் எந்தக் கரையைத் தாக்கும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வு மைய இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்து அவளிடம் முகம் சுளிக்கிறார். "என்னம்மா இது, அமைச்சர் பேசுறது யாருக்குக் கேக்கும்? நிறுத்தித் தொலை." "சார், சாயங்காலம் கரையோரத்துக்கு எச்சரிக்கை போகணும். இப்ப நிறுத்தினா மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டணும்." "புயல் எங்கயும் ஓடிடாது. நிறுத்தும்மா." அவள் நிறுத்துகிறாள். விசிறிகள் பெருமூச்சு விட்டு அடங்குகின்றன. இருண்டுபோன பெட்டிகள்மேல் வாடகைக்கு எடுத்த சீரியல் பல்புகள் பச்சையாகக் கண்சிமிட்டுகின்றன. அமைச்சர் வருகிறார், இன்னும் சூடு ஆறாத இரும்பை வாஞ்சையாகத் தடவுகிறார். "அடடா! இவ்வளவு பெரிய வேலை செய்யுது, ஒரு சத்தம் வருதா பாருங்க!" கூடமே கைதட்டுகிறது. இயக்குநர் அவளைக் கண்ணால் அதட்டுகிறார். அவளும் தட்டுகிறாள். காதைப் பிளக்கும் இந்த இரைச்சல் மட்டும் அங்கே யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.