மாதிரிப் பண்ணைக்குட்டை

“இதுதான் சார் நம்ம பண்ணைக்குட்டை,” என்று ஒப்பந்தக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், கடலையே அவர்தான் வெட்டி வைத்த மாதிரி.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி மேட்டுச் சாலையின் ஓரத்தில் வந்து நின்றார். எதிரே இருந்த மரங்கள் வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

மழை வர வேண்டிய நேரத்தில் வராமலும், வரக் கூடாத நேரத்தில் கொட்டியும் விவசாயிகளைப் படுத்துவதால், அவர்களைக் கைதூக்கிவிட அரசு ஒதுக்கிய நிதிக்கு அவர்தான் பொறுப்பு. அந்த நிதியில் வெட்டிய குட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார். ஒன்றில் ஆடுகள் மேய்ந்தன. இன்னொன்றில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். குட்டையில் தண்ணீர் இருக்கும் என்பதையே ஏறக்குறைய மறந்துபோயிருந்தவர் இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பயன்பெற்ற விவசாயியைப் பார்க்க வேண்டும் என்றார். சற்றுத் தள்ளி நின்றிருந்த பெண்ணை ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தார். பேசினபடி நடந்துகொள்ள வேண்டும் என்று வழியிலேயே காதோடு காதாக நினைவுபடுத்தினார். அவள் தலையாட்டினாள். அவள் கணவன் மட்டும் சாலையோரத்தில் குத்துக்காலிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான், எழுந்து வரவில்லை.

“இது வந்த பிறகு எப்படிம்மா இருக்கு?” என்று அதிகாரி கேட்டார்.

“நல்ல ஓய்வு சார். களை எடுக்கற வேலை இல்ல, மருந்து அடிக்கற வேலை இல்ல. ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்திருக்கோம்.”

உழைப்புச் சுமை குறைந்திருப்பதாக எழுதிக்கொள்ளும்படி அதிகாரி உதவியாளரிடம் சொன்னார். மீன் உண்டா என்று விசாரித்தார். கூப்பிடாமலே வந்து சேர்ந்துவிட்டதாக அவள் சொன்னாள். குட்டை வெட்டியபோது இடைஞ்சல் ஏதாவது இருந்ததா என்றார். மண்வெட்டிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை, அவ்வளவு பதவிசான வேலை என்றாள். ஒப்பந்தக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அதிகாரி உருகிப்போனார். இத்தனை வருட வேலையில் குறை சொல்லாத விவசாயியை இன்றைக்குத்தான் பார்ப்பதாகச் சொன்னார். இதை மாதிரிக் குட்டையாக அறிவிக்கப் போகிறாராம். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஒப்பந்தக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் தண்ணி ஒரு சாண்கூடக் குறையக் கூடாது. யாரும் மோட்டார் வெச்சு இறைக்காம காவல் போடுங்க.”

“அப்படியே செஞ்சுடலாம் சார்,” என்றார் ஒப்பந்தக்காரர், கொஞ்சமும் யோசிக்காமல்.

கணவன் எழுந்து நின்றான். அவள் ஒப்பந்தக்காரரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

“நீங்க அந்தப் பக்கம் போனதும் மோட்டார் வெச்சு வடிச்சு விடறேன்னு இவர் சொன்னதாலதான் சார், இவ்வளவு நேரம் ஒத்துப் பேசினேன்,” என்றாள் அவள். “இது குட்டை இல்ல, எங்க வயல். அறுக்க வேண்டிய நெல்லு அடியில கிடக்குது.”