சத்தமாக ஐந்து, மெல்ல ஒன்று

“ஃபைவ்,” என்று வீடே கேட்கும்படி சொன்னார் லியூங். உடனே லக்‌ஷிகாவின் பக்கம் சாய்ந்து, நல்ல யாழ்ப்பாணத் தமிழில் முணுமுணுத்தார். “பிள்ளை, நீர் ஒண்டு எண்டு போடும்.”

லக்‌ஷிகாவின் பேனா நின்றுவிட்டது. பெற்றோர் சொல்லைப் பிள்ளைகள் தட்டக்கூடாது என்பதை எவ்வளவு ஏற்கிறார் என்று, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தரவேண்டும். லண்டனில் வாழும் சீன முதியவர்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பது அவளுடைய பல்கலைக்கழக வேலை. எழுபத்தாறு வயதுச் சீனர் ஒருவர் தமிழில் பதில் சொல்வார் என்று அவளுடைய பேராசிரியர் எச்சரித்திருக்கவில்லை.

“அங்கிள், எங்க தமிழ் பழகினீங்கள்?”

“ஹவுன்ஸ்லோவில முப்பது வருசம் சாப்பாட்டுக்கடை வச்சிருந்தனான். குசினியில சமைச்சது முழுக்க உங்கட தமிழ்ப் பெடியள்தான்.” அவர் உள்ளறைக் கதவைக் கண்ணால் காட்டினார். “ஆள் உள்ளுக்க. இங்கிலிஷ் விளங்கும். அதுதான் உம்மோட தமிழில கதைக்கிறன்.”

மகனாகத்தான் இருக்கும் என்று லக்‌ஷிகா முடிவு கட்டினாள். வீட்டுக்கு வீடு வாசற்படி.

அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்தாள். கலியாணம் குடும்பத்தின் விருப்பப்படிதான் நடக்கவேண்டுமா?

“ஃபைவ்,” என்றார் இன்னும் சத்தமாக. பிறகு தமிழில், “அரை மார்க் இருந்தால் அதைப் போடும். எங்கட கடையில வேலை செய்த வசந்தமலர் இருக்கிறா. அவவும் தனிய, நானும் தனிய. வாற வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் பண்ணப் போறம். உள்ளுக்கத் தெரிஞ்சால் எல்லாம் துலைஞ்சுது.”

லக்‌ஷிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தமிழ்தானே, உள்ளே இருப்பவனுக்கு என்ன விளங்கப்போகிறது என்று அவள் குரலைத் தாழ்த்தவுமில்லை.

“எழுபத்தாறு வயசில நீங்கள் ஆரிட்ட அனுமதி கேக்கவேணும்? வெள்ளிக்கிழமை வசந்தமலர் அன்ரியோட போய்க் கலியாணத்தை எழுதிப்போட்டு வாங்கோ. ஆர் மறிக்கினம் எண்டு பாப்பம்.”

“மெல்லப் பிள்ளை, மெல்ல,” என்று கையெடுத்துக் கும்பிட்டார் லியூங்.

கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது. அதன் பின்னால் தொண்ணூற்றேழு வயதில் அவருடைய தாய் வந்தார். லியூங் பள்ளிக்கூடப் பையனைப்போல எழுந்து நின்றார்.

“குசினியில பெடியளோட இருந்து இறால் உரிச்சது நானெல்லோடா, உனக்கு மட்டுமே அவங்கள் தமிழ் பழக்கினவங்கள்?” என்றார் தாய். “சரி, வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?”