மூணு எண்ணினதும்

“அந்தப் பொண்ணு மூணு எண்ணினதும் மூணு பேரும் கையை எடுத்துடணும். சாமுண்டி மேல சத்தியம்” என்றாள் மகேஸ்வரி.

மதன் சத்தியம் செய்தான். கெம்பையன் ஒன்றுக்கு இரண்டாகச் செய்தார்.

மூவரும் மைசூரில் ஓர் ஊதுபத்தி கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன். அன்றைக்கு வேலையை நிறுத்தி வைத்து விளையாட்டு. ‘டீம் பில்டிங்’ என்று பெங்களூரிலிருந்து சுசித்ரா என்ற பெண்ணை வரவழைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் மேஜை மேல் ஏறி, கண்ணைக் கட்டிக்கொண்டு, அப்படியே மல்லாக்கச் சாய வேண்டும். கீழே நிற்கும் அவருடைய ஆட்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். இதனால் நம்பிக்கை வளருமாம்.

பேக்கிங் சூப்பர்வைசர் காளிதாஸ் மேல் இவர்களுக்கு வளர்ந்திருந்தது வேறு. பத்து நிமிஷம் லேட்டாக வந்ததற்காக மகேஸ்வரியை இரண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியவன் அவன். அப்பா செத்ததற்குப் போய்வந்த மதனிடம், “நிஜமாவே செத்துட்டாரா?” என்று கேட்டவன். மனுஷ ஜென்மமா அது?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எட்டு வருஷமாக மூவரும் கான்ட்ராக்ட். எந்தச் சனிக்கிழமை சாயங்காலமும், “திங்கட்கிழமை வர வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். இந்த மாதம் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு பர்மனென்ட் இடம் வந்திருக்கிறது. பெயர் எழுத வேண்டியது காளிதாஸ். அவன் தன் மச்சான் பெயரை எழுதப் போகிறான் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு.

“இடுப்பு ஒடைஞ்சு ஆஸ்பத்திரில படுத்தான்னா, லிஸ்ட் மேனேஜர் கைக்குப் போயிடும். நம்ம மூணு பேர்ல ஒருத்தருக்காவது கெடைக்கும்” என்று முந்தின நாளே கணக்குச் சொல்லியிருந்தாள் மகேஸ்வரி.

“யாருக்குக் கெடைச்சாலும் சந்தோஷந்தான் அக்கா” என்றான் மதன்.

“நமக்குள்ள என்னம்மா” என்றார் கெம்பையன். எட்டு வருஷமாக ஒரே காபியை இரண்டு கிளாஸில் ஊற்றி ‘பை-டூ’ குடிக்கிற கூட்டாளிகள் அல்லவா? காளிதாஸ் அப்படியில்லை. முழுக் காபியைத் தனியாகத்தான் குடிப்பான். அவனோடு பை-டூ குடித்ததாக அந்தக் கம்பெனியில் ஒரு ஆள் சொன்னதில்லை.

கேன்டீன் லிங்கம்மா, காளிதாஸ் ரூமிலிருந்து காலி கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

மதன் எண்ணிப் பார்த்துச் சிரித்தான். “ஆறு கிளாஸ் அக்கா! பயத்துல காபியா குடிச்சுத் தள்ளியிருக்கான்.”

மகேஸ்வரி சிரிக்கவில்லை. “வாயை மூடு, வர்றான்” என்றாள்.

காளிதாஸ் விறுவிறுவென்று மேஜை மேல் ஏறினான். மற்ற சூப்பர்வைசர்கள் எல்லாம் நடுங்கிக்கொண்டு ஏறினார்கள். இவன் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருகிறவன் மாதிரி நிதானமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

“ஒந்து... எரடு... மூரு!” என்று கன்னடத்தில் எண்ணினாள் சுசித்ரா.

காளிதாஸ் சாய்ந்தான். கீழே சிமென்ட் தரை.

ஆறு கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மகேஸ்வரி அவனுடைய காலரைப் பிடித்தாள். மதன் பெல்ட்டைப் பிடித்தான். கெம்பையன் அடியில் புகுந்து மொத்த ஆளையும் முதுகில் தாங்கினார். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. மதனுக்கு மூக்கில் ரத்தம், மகேஸ்வரிக்கு நெற்றியில் புடைப்பு, கெம்பையனால் நிமிர முடியவில்லை. காளிதாஸுக்கு ஒரு பட்டன் மட்டும் போயிற்று.

“இதுதான் டிரஸ்ட்! இந்த டீமுக்குத்தான் முதல் பரிசு!” என்று சுசித்ரா குதித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் மகேஸ்வரி மதன் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “ஏன்டா புடிச்சே?”

“நீங்க ஏன் புடிச்சீங்க? கெம்பையண்ணன் முதுகையே குடுத்துட்டாரே, அவரைக் கேளுங்க!”

“கை தானா போயிடுச்சும்மா” என்று முனகினார் கெம்பையன்.

“சாமுண்டி சும்மா விடமாட்டா உங்க ரெண்டு பேரையும்!”

காளிதாஸ் கண்கட்டை அவிழ்த்து மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். ஒரு நன்றி சொல்லவில்லை. “போதும், போய் வேலையைப் பாருங்க. பர்மனென்ட் லிஸ்ட் மேனேஜருக்குப் போயாச்சு. என் மச்சான் பேரு” என்றான்.

மகேஸ்வரி அவனை மறித்து நின்றாள். சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டாள். ஆத்திரத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

“சார்! இவங்க கையை விடப் போறாங்கன்னு காலையில நான் வந்து சொன்னப்போ, ஒக்கார வெச்சு காபி குடுத்து, பேரு எனக்குத்தான்னு சொன்னீங்களே சார்!”

கெம்பையன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மதன்தான் மூக்கைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டான்.

“அக்கா... உங்களுக்கும் பை-டூவா?”